பன்னிரண்டாவது பெயர்

அத்தியாயம் 14

சலவைக்குக் கிடந்த சட்டைப் பையில் லியோனிக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடைத்ததே, அங்கேதான் போன வாரம் நின்றோம். அதில் மூன்று பெயர்கள். மூன்றும் 'எல்' எழுத்தில் தொடங்குகிற பெண் பெயர்கள். லொரெட்டா, லுசெட், லாரிசா. எழுதியது அவள் புருஷன் கஸ்பார்.

முதலில் இருக்கும் லொரெட்டா வேறு யாருமில்லை, லியோனியின் கூடப் பிறந்த தங்கை. லியோனி மூன்றிலும் இல்லை.

காகிதத்தை அவள் கிழிக்கவில்லை. புருஷன் முகத்தில் விட்டெறியவும் இல்லை. நாலாக மடித்து அதே பையில் வைத்து, சட்டையைத் துவைக்காமலே ஆணியில் மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து ஐந்து நாளாக உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறாள். வாயைத் திறக்காத லியோனியை லபோரி ஊரில் யாரும் பார்த்ததில்லை.

இன்று புதன்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்குள் பெயர்கள் போய்ச் சேர வேண்டும்.

போன செப்டம்பரில் லவீனா என்ற புயல் இந்தத் தீவில் பதினோரு பேரைக் கொண்டுபோனது. அப்படி உயிர் குடித்த பேரை அப்புறம் எந்தப் புயலுக்கும் வைப்பதில்லை. பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டு, அதே எழுத்தில் வேறு பேரைப் போடுவார்கள். அடிபட்ட ஊரிடமே பேரைக் கேட்பது, புயலுக்குப் பேர் வைக்கும் பல நாட்டுக் குழுவின் வழக்கம். வானிலைக்காரன் கஸ்பாரின் தலையில் அந்த வேலை விழுந்திருந்தது.

காலை ஆறரை. லியோனியின் ரொட்டிக் கடை வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசை. விறகு அடுப்பிலிருந்து வந்த ரொட்டி இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. ரேடியோ பாடி முடித்து, தொண்டையைச் செருமியது.

"வணக்கம் அத்தான்! கடல் எப்படி இருக்கு?"

அது லொரெட்டா. ரேடியோ நிலையத்தில் அறிவிப்பாளர். தினமும் காலையில் கஸ்பாரைத் தொலைபேசியில் பிடித்து வானிலை கேட்பாள். அவள் அத்தான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தீவு முழுக்க இப்போது அவனுக்கு அதுதான் பேர். மீன் சந்தையில் பல்லுப் போன கிழவிகூட "என்ன அத்தான், இன்னைக்கு மழையா?" என்கிறாள்.

"கடல் சூடா இருக்கு, லொரெட்டா. மார்ச் மாசத்துலயே அரை டிகிரி கூட. இந்த வருஷம் பேர் வைக்கிற அளவுக்குப் பதினேழு புயல் வரும்னு கணக்கு. அதுல ஏழெட்டு பெருசாகலாம்."

"பதினேழா! என் சம்பளம்கூட வருஷத்துல அத்தனை தடவை வராதே!"

கஸ்பார் சிரித்தான். வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தான்.

அந்தச் சிரிப்புத்தான் லியோனிக்கு ஆகாதது. கல்யாணமாகிப் பதினாலு வருஷம். அவன் இப்படிச் சிரிப்பதை அவள் கடைசியாக வீட்டில் கேட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. ரேடியோவைப் போட்டால்தான் கேட்கிறது.

"கூரை ஆணியெல்லாம் இப்பவே பாத்துக்கங்க. புயல் காலம் தொடங்கற ஜூன் ஒண்ணாந்தேதி வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க," என்றான் கஸ்பார்.

"சரி அத்தான், இன்னைக்குப் பேர் போகுதாமே? ஒரே ஒரு எழுத்து சொல்லுங்களேன்."

"எழுத்து ஊருக்கே தெரியும். எல்."

"எனக்கும் எல்லுதான் அத்தான்!"

"தெரியும், தெரியும்."

மறுபடி சிரிப்பு. லியோனி ரேடியோவின் காதைத் திருகினாள். வரிசையே கத்தியது.

"ஏம்மா, சத்தத்தைக் குறைக்கிறே?" மினிபஸ் ஓட்டும் எவரிஸ்ட் முன்னால் வந்தான். "உன் பேரும் எல்லுதானே? வீட்டுக்காரன் உன்னைத்தான் எழுதியிருப்பான். அஞ்சு வருஷம் கழிச்சு வந்து என் வண்டியைத் தூக்கிட்டுப் போயிடாதே, இப்பவே சொல்லிட்டேன்."

"உன் வண்டியைத் தூக்கப் புயல் எதுக்கு எவரிஸ்ட்? நான் ஒரு பெருமூச்சு விட்டாப் போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். லியோனிக்கு நாக்கு நீளம். அதற்காகவே இரண்டு ரொட்டி கூட வாங்குகிறவர்கள் உண்டு.

எதிர்ப்பக்கம் ஒரு கடை மூடிக் கிடந்தது. அதுவும் ரொட்டிக் கடையாக இருந்ததுதான். நடத்தியவள் பெயர் லவீனா. ஆமாம், புயலின் பேரேதான். பாவம், புயல் வருவதற்கு நாற்பது வருஷம் முன்பே அவளுக்கு வைத்த பேர். புயல் போன பிறகு அவள் தெருவில் நடந்தால், "லவீனா வர்றா, கூரையைப் பிடிச்சுக்கோ!" என்று கூவுவார்கள். முதலில் அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு மகனைக் கடலுக்குக் கொடுத்த மீனவன் ஒருவன் அவள் கடை வாசலில் காறித் துப்பினான். பலகையில் இருந்த பேரை அவள் வெள்ளைச் சுண்ணாம்பால் அழித்தாள். ஜனவரியில் கடையை மூடிவிட்டு மார்ட்டினிக்கில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

'ஒரு கேலிக்குப் போய் ஊரை விட்டே ஓடுவாங்களா' என்றுதான் லியோனி அப்போது நினைத்தாள். அந்த வாடிக்கையும் அவளுக்கே வந்து சேர்ந்தது.

*

எட்டரைக்கு கஸ்பார் வேலை முடிந்து வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. உப்பு மீன் வைத்த ரொட்டியும் கொக்கோ தேநீருமாக அவன் முன்னால் வைத்தாள். அவன் ஒரு கையால் தின்றுகொண்டே மறு கையால் கணினியில் ஏதோ படிவத்தை நிரப்பினான்.

"பேரெல்லாம் முடிவு பண்ணியாச்சா?"

"ம்."

"என்னென்ன?"

"குழு சொல்ற வரைக்கும் வெளியில சொல்லக் கூடாது."

"நான் வெளியா?"

அவன் மென்றுகொண்டிருந்தான்.

"என் பேருகூட எல்லுலதான் ஆரம்பிக்குது, கஸ்பார். சின்னப் பேரு. ஸ்பானிஷ்காரன் வாயிலயும் நுழையும், பிரெஞ்சுக்காரன் வாயிலயும் நுழையும். நீதானே சொன்னே, அதுதான் விதின்னு?"

மெல்வது நின்றது. "உன் பேரு வேண்டாம், லியோனி."

"ஏன்?"

"வேண்டாம்னா விட்டுடேன்."

"ஏன்னு கேட்டேன்."

"தூக்கம் வருது. பதினொன்றரைக்கு எழுப்பிவிடு. ஒரு தடவை பாத்துட்டு அனுப்பிடறேன்."

போய்ப் படுத்துவிட்டான். படுத்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை. ஒரு பெண்ணின் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டிவிட்டு ஆண்களால் எப்படித்தான் உடனே தூங்க முடிகிறதோ!

லியோனி மாவு பிசைந்தாள். பிசையப் பிசைய ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சர்ச்சில் முதல் நற்கருணை வாங்க அவள் போட்ட உடுப்பைத்தான் ஆறு வருஷம் கழித்துப் பிடித்துத் தைத்து லொரெட்டாவுக்குப் போட்டார்கள். போட்டோவில் பார்த்தவர்கள் எல்லாரும் "சின்னவளுக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் பாட்டுக்குப் பரிசு லொரெட்டாவுக்கு. ரேடியோவில் வேலை லொரெட்டாவுக்கு. காலையில் புருஷனுடைய சிரிப்பும் லொரெட்டாவுக்கு. இப்போது பட்டியலில் பேரும் அவளுக்கா?

அந்தப் பட்டியல் ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றி வரும். எல் பன்னிரண்டாவது. சராசரி வருஷத்திலேயே பதினாலு புயல் வருகிறது. ஆகையால் லொரெட்டா வராமல் போக மாட்டாள். அமெரிக்காவிலிருந்து வெனிசுலா வரை எல்லா ரேடியோவும் லொரெட்டா லொரெட்டா என்று ஓதும். லியோனி இங்கே ரொட்டி சுட்டுக்கொண்டு அதைக் கேட்க வேண்டும்.

பதினொன்றரைக்குப் படுக்கை அறைக் கதவு வரை போனாள். அவன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பக் கையை நீட்டினாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

கணினி மேஜையில் திறந்தே இருந்தது. முதல் கட்டத்தில் லொரெட்டா. லியோனி ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். விரலில் ஒட்டியிருந்த மாவு பொத்தான்களில் ஒட்டியது. அவ்விடத்தில் தன் பேரை அடித்தாள். ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

பதினொன்று நாற்பதுக்கு அனுப்பிவிட்டாள்.

தப்பு செய்கிறோம் என்று தெரிந்தே செய்தாள். தெரிந்து செய்ததில் ஒரு சுகமும் இருந்தது, அதை மறைப்பானேன்?

*

ஒரு மணிக்கு கஸ்பார் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்து வந்தான். "ஏன் எழுப்பல? மணி என்ன?"

"நல்லாத் தூங்கிட்டிருந்தே. நானே அனுப்பிட்டேன்."

"நீயா?" அவன் அவள் முகத்தையே பார்த்தான். "பேரைப் பாத்தியா?"

"பாக்காம எப்படி அனுப்பறது?"

"கோபம் இல்லையே?"

"எனக்கென்ன கோபம்?"

கஸ்பாருக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அவள் தோளில் நெற்றியை வைத்து, "நீ புரிஞ்சுக்குவேன்னு எனக்குத் தெரியும்," என்றான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் அப்படி நின்றான். லியோனிக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, திருடிய பழம் தொண்டையில் சிக்கியது போலவும் இருந்தது.

மூன்று மணிக்கு லொரெட்டா வந்தாள். சிவப்பு கவுன், உதட்டில் அதே சிவப்பு, கையில் ஒரு கேக்கும் ஒரு புட்டி ரம்மும். கடைக்குள் வந்ததும் வராததுமாக அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா! விஷயம் தெரியுமா? அத்தான் சொல்லியிருக்க மாட்டார். முதல் பேரு என் பேருதான்!"

"இன்னும் முடிவாகல. அதுக்குள்ள கேக்கா?" என்றாள் லியோனி.

"ரெண்டு மாசம் கெஞ்சியிருக்கேன், சும்மாவா? தினமும் ரேடியோ முடிஞ்சதும் கேப்பேன். 'எனக்குப் புருஷன் இல்ல, புள்ள இல்ல, பேராவது நிக்கட்டும் அத்தான்'னு. போன வாரம்தான் மனசு இளகினார்."

கஸ்பார் கொல்லையிலிருந்து துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "அதை அனுப்பினது யாருன்னு கேளு. நான் தூங்கிட்டேன். உங்க அக்காதான் அனுப்பினா."

"அக்காவா? என் பேரை அக்கா கையாலயா?" லொரெட்டாவின் கண் கலங்கிவிட்டது. லியோனியின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். "நீ பொறாமைப்படுவேன்னு நினைச்சேன் அக்கா. நான் ஒரு பாவி."

லியோனி கேக்கை வெட்டினாள். கத்தி நேராகப் போகவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஐந்து நாளாக அடைத்து வைத்த வாய் அல்லவா?

"எல்லாம் சரி கஸ்பார். லொரெட்டா கேட்டா, குடுத்தே. நான் கேட்டேன், வேண்டாம்னியே. என் பேருல என்ன குறை? இப்பவாவது சொல்லேன்."

"இப்ப எதுக்கு அது?"

"இப்பத்தான். இவ முன்னாடியே சொல்லு."

கஸ்பார் கடை வாசலைப் பார்த்தான். எதிரே, மூடிக் கிடந்த கடையின் பலகையில் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து பழைய பேர் மங்கலாகத் தெரிந்தது.

"அன்னைக்கு ராத்திரி ரேடியோவுல அந்தப் பேரை நான்தான் சொல்லிட்டே இருந்தேன்," என்றான். "லவீனா நெருங்குது, லவீனா கரையைத் தொட்டுடுச்சுன்னு. நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். அப்புறம் பதினோரு வீட்டுக்கும் போனேன். பதினோரு வீட்லயும் அந்தப் பேரைத்தான் சபிச்சாங்க. 'பாழாப் போறவ, நாசமாப் போறவ'ன்னு மண்ணை வாரித் தூத்தினாங்க. எதிர்க்கடைக்காரி என்ன பாவம் பண்ணினா? அவளால இங்க குப்பை கொட்ட முடியல. நீ பாத்தேல்ல?"

லியோனி அந்தப் பலகையைப் பார்த்தாள்.

"ஊரே வாரித் தூத்தற இடத்துல உன் பேரைப் போட எனக்கு மனசு வரல லியோனி. அவ்வளவுதான். உன் பேரை யாரும் அப்படிச் சொல்றதை நான் கேக்க மாட்டேன்."

"இதைக் காலையிலயே சொல்லியிருக்கலாமே!" அவள் குரல் கிறீச்சிட்டது.

"சொன்னா, அந்தக் கேலியை முதல்ல ஆரம்பிச்சது யாருன்னும் சொல்ல வேண்டி வரும். நீ வருத்தப்படுவேன்னு விட்டுட்டேன்."

அடி சரியான இடத்தில் விழுந்தது. ஆமாம், அக்டோபரில் ஒரு காலை, இந்தக் கடை வாசலில், வரிசையைச் சிரிக்க வைக்க லியோனிதான் முதன்முதலாக அதைச் சொன்னாள். "லவீனா வர்றா, கூரையைப் பிடிச்சுக்கோ!" ஊர் அதை அவள் வாயிலிருந்துதான் எடுத்துக்கொண்டது.

ஐந்து நாள் பொறாமை ஒரு நொடியில் வடிந்துபோயிற்று. அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. பதினொன்று நாற்பது! அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் லொரெட்டா ரம் புட்டியை மேஜையில் டங்கென்று வைத்தாள்.

"அப்போ என் பேரை வாரித் தூத்தினாப் பரவாயில்லையா, அத்தான்?"

கஸ்பார் திகைத்தான். "நீதானே லொரெட்டா கேட்டே? ரெண்டு மாசம் கேட்டே..."

"கேட்டேன். அறிவு கெட்டுக் கேட்டேன். அக்காவுக்கு 'வேண்டாம்'னு சொன்ன மாதிரி எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! இவ பேரைப் பொத்திப் பொத்தி வைப்பீங்க. என் பேரைத் தூக்கித் தெருவுல போடுவீங்களா?" உதட்டுச் சிவப்பு ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. "கேட்டதெல்லாம் எனக்குக் கிடைச்சுதுன்னு அக்கா சொல்லுவா. கேக்காமலே இவளுக்குக் கிடைக்குதே, அதுல ஒண்ணாவது எனக்கு வந்திருக்கா?"

"லொரெட்டா, இரு, நான் ஒண்ணு சொல்லணும்..." என்றாள் லியோனி.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் அக்கா. உனக்குத்தான் எல்லாம் இருக்கே. அத்தான், என் பேரை எடுத்துடுங்க. இப்பவே எழுதுங்க. ஆறு மணிச் செய்தி நான்தான் படிக்கணும். அதுல என் பேரு இருக்கக் கூடாது."

கேக்கில் ஒரு துண்டுகூடத் தொடாமல் போய்விட்டாள்.

*

கஸ்பார் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தான். "நியாயம்தான். எடுத்துடறேன். லுசெட்டை முதல்ல போட்டுடலாம்," என்றபடி அனுப்பிய படிவத்தைத் திறந்தான்.

லியோனி அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம்தான். அந்த ஒரு வாக்கியத்துக்கு நாக்கு எழவில்லை.

அவன் படித்தான். ஒரு பொத்தானில் காய்ந்து ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பிறகு மறுபடி படித்தான்.

"கஸ்பார்..."

அவன் கையை உயர்த்தி நிறுத்தினான். வேக வேகமாக ஒரு கடிதம் எழுதினான்: முதல் பேரை எடுத்துவிடுங்கள், தவறு நேர்ந்துவிட்டது. அனுப்பினான். பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது. கூட்டம் முடிந்துவிட்டது. தீவு சொன்ன முதல் பேரையே எல்லா நாடுகளும் ஒரு மனதாக ஏற்றுக்கொண்டன. ரேடியோ நிலையங்களுக்கும் அனுப்பியாகிவிட்டது. வாழ்த்துகள்.

அவன் கத்தியிருந்தால் லியோனி தாங்கியிருப்பாள். அவன் கத்தவில்லை.

"அஞ்சு வருஷம் கழிச்சு நான்தான் ரேடியோவுல சொல்லணும், லியோனி," என்றான். "லியோனி வருது, ஓடுங்கன்னு."

"வராமலே போகலாமில்ல? கடலுக்குள்ளயே கலைஞ்சு போயிடலாமில்ல?"

"போகலாம்." அவன் கணினியை மூடினான். "அஞ்சு வருஷமும் அதையே நினைச்சுட்டிருப்பேன்."

ஆறு மணி. மாலை ரொட்டிக்கு வாசலில் வரிசை நின்றுவிட்டது. ரேடியோவை நிறுத்த லியோனி கை நீட்டினாள். "ஏய், ஏய், பேரு சொல்லப் போறாங்க!" என்றது வரிசை.

லொரெட்டாவின் குரலில் அழுத சுவடே இல்லை.

"லவீனாவுக்குப் பதிலாகப் பட்டியலில் சேர்ந்திருக்கும் பன்னிரண்டாவது பெயர்..." காகிதத்தைத் திருப்பும் சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. ரேடியோ கெட்டுவிட்டதோ என்று ஒருவர் தட்டிக்கூடப் பார்த்தார். "லியோனி."

வரிசை ஹோவென்று கூவியது. கூவலுக்கு மேலே லொரெட்டா பேசிக்கொண்டே போனாள்.

"என் சொந்த அக்கா பேரு அது. பதினொன்று நாற்பதுக்கு வந்த படிவத்துலயே இந்தப் பேருதான் இருந்துச்சுன்னு குழு அனுப்பின இந்தக் காகிதத்துல போட்டிருக்கு. அந்த நேரத்துல அத்தான் தூங்கிட்டிருந்தார்னு எனக்குத் தெரியும். தூங்கறவர் எப்படிப் பேரை மாத்தினார்னு கேக்க எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு. அதனால நாளைக்குக் காலையில ஆறரைக்கு அத்தானுக்கு லீவு. அக்கா, நீ நிலையத்துக்கு வந்துடு. ஊரே கேட்டுட்டிருக்கும்."

கஸ்பார் அடுப்புப் பக்கம் நின்று மனைவியைப் பார்த்தான். அவள் கையில் எவரிஸ்டுக்குக் கட்டிய ரொட்டி இருந்தது.

எவரிஸ்ட் நல்லவன். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். ரொட்டியை வாங்கிக்கொண்டு, இரண்டடி பின்னால் குதித்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான்.

"லியோனி வர்றா! கூரையைப் பிடிச்சுக்கோ!"

தெருவே சிரித்தது. லியோனியும் சிரித்தாள், லவீனாவும் முதல் நாள் இப்படித்தான் சிரித்தாள்.